எல்லா மாத்திரையும் ஒரு பையில்

பார்வதத்துக்கு எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். கரண்டு போனால் எந்த டிரான்ஸ்பார்மர் என்று கேட்பாள். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம் தள்ளிப் போனால் தள்ளியது பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்பாள். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். புதுத் துணி தைப்பதில்லை. வேறு யாரோ தைத்துக் கெடுத்த ஜாக்கெட்டையும் சுடிதாரையும் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதுதான் அவள் தொழில். கை தூக்க முடியவில்லை என்று யாராவது வந்தால் கையைத் தொடமாட்டாள், முதலில் தோளைப் பிரித்துப் பார்ப்பாள். பிடிக்கிற இடம் ஒன்று, தப்பு நடந்த இடம் வேறு என்பது அவளுடைய இருபது வருட அனுபவம். இப்படி ஊருக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தவளுக்குச் சொந்தப் புருஷனுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் பிடிபடவில்லை.

புருஷன் எல்லப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. வேன் ஓட்டுகிறார். விடியற்காலை நாலே காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, அணுபுரத்தில் ஆரம்பித்து பூஞ்சேரி, திருப்போரூர் என்று வழியில் நிற்கிற பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு, ஆறரை மணிக்குள் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே பதினோரு பேரைத் திரும்பக் கொண்டு வந்து விட வேண்டும். சனியும் ஞாயிறும் லீவு.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அவருக்கு மனச்சோர்வு வந்தது. வந்தது என்று சொல்லிவிடலாம், அது வந்திருக்கிறது என்று தெரியவே எட்டு மாதம் ஆனது. சாப்பாடு இறங்கவில்லை என்று வயிற்றுக்குப் பார்த்தார்கள். உடம்பு கனக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகுதான் செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் போனார்கள். அவர் கொடுத்த மாத்திரையில் ஆள் எழுந்து உட்கார்ந்தார். சில வருடங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடின. கடைசி மூன்றரை வருடம்தான் படுமோசம். மாத்திரையை இரண்டு தடவை மாற்றினார்கள், மூன்று தடவை கூட்டினார்கள். ஒன்றும் அசையவில்லை.

இதில் பார்வதத்தை அரித்தது ஒரு விஷயம். வாரநாளில் மனிதர் எப்படியோ எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார். சனி, ஞாயிறு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். கறிக்குழம்பு வைத்தாலும் நாலு வாய். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். ஆக, வெளியே போனால் நடமாட்டம், வீட்டில் இருந்தால் பிணம். அப்படியானால் கோளாறு வீட்டில்தான் இருக்க வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மகள் கீர்த்தனா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். மீதி இருப்பது பார்வதம். இந்தக் கணக்கை அவள் போட்டு முடித்து வெகுநாள் ஆயிற்று. விடையை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற மாதிரியான விடையா அது?

வேனில் போகிற சுஷ்மிதா என்ற பெண் வேறு, ஒரு நாள் சுடிதார் பிரிக்கக் கொடுக்க வந்தவள், "அண்ணா அதிகம் பேச மாட்டாருக்கா. ஆனா எங்கள்ல யாருக்குப் பிறந்தநாள்னாலும் சீட்ல ஒரு சாக்லேட் வச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பார்வதம் அந்தச் சுடிதாரைப் பிரிக்கவேயில்லை. தனக்கு ஒரு சாக்லேட் வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் செங்கல்பட்டு டாக்டர், இனி ஆஸ்பத்திரியில் சேர்த்து கரண்டு வைத்தியம் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னார். பயப்பட ஒன்றும் இல்லை, மயக்கம் கொடுத்துவிட்டுத்தான் செய்வோம் என்றும் சொன்னார். பார்வதம் பயப்படவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"மாத்திர ஏன் சார் கேக்கல?"

"சிலருக்குக் கேக்காதும்மா."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் நல்லவர், கோபப்படவில்லை. பத்து நாளில் முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சுஷ்மிதாதான் மகாபலிபுரத்தில் ஒரு டாக்டரைச் சொன்னாள். ரோகிணி மேடம் என்று பெயர். முடிவு எடுப்பதற்கு முன் இன்னொருத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். பார்வதத்துக்கு அது சரியாகப் பட்டது. எல்லப்பன்தான் மாட்டேன் என்று முரண்டு பிடித்தார்.

"ஒம்போது வருசமா பாத்த மனுசன். அவர வுட்டுட்டு வேற எடத்துக்குப் போனா அவரு மூஞ்சில எப்டிமே முழிக்கறது?"

"நீ முழிக்காத. நான் போய்க் கேட்டுகினு வரேன்."

அவளே தனியாகப் போனாள். பழைய டாக்டரிடம் போய், வேறு டாக்டரைப் பார்க்கப் போகிறோம், உங்கள் வைத்தியத்தைப் பற்றி ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. அவரோ பேனாவை எடுத்தார். "தாராளமாப் பாருங்கம்மா. எனக்கே இது உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு. இந்த மருந்துக்கு இவர் இவ்வளவு மோசமா இருக்கக் கூடாது. என் கண்ணுக்குத் தெரியாதது எதுவோ இருக்கு. வேற கண்ணு பார்க்கட்டும்" என்றபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். இதற்கா பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று பார்வதம் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டரே கடிதம் கொடுத்துவிட்டதால் எல்லப்பனும் வருவதாக ஒப்புக்கொண்டார். மகாபலிபுரத்தில் திங்கட்கிழமை மாலைக்கு நேரம் கிடைத்தது. போனில் பேசிய பெண் ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வர வேண்டும். தலைவலி மாத்திரை, பழைய மாத்திரை, பாதி தின்றது, தின்னாதது, எதையும் விடக் கூடாது. மேடம் எல்லாரிடமும் இப்படித்தான் கேட்பார்கள்.

எல்லாம் என்று சொன்னால் பார்வதத்துக்கு எல்லாம்தான். ஞாயிறு மதியம் எல்லப்பன் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, அவள் பீரோ, பிரிட்ஜ் மேல்தட்டு, சாமி அலமாரி எல்லாவற்றையும் குடைந்தாள். காலாவதியான இருமல் மருந்துகூடப் பைக்குள் போனது. பிறகு வேனில் முதலுதவிப் பெட்டி இருப்பது ஞாபகம் வந்தது. அதிலும் வலி மாத்திரை ஏதாவது கிடக்குமே. சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

பஞ்சு இல்லை. கட்டுத்துணி இல்லை. பெட்டி முழுக்க மாத்திரை அட்டைகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தது. எல்லாம் அவர் தூங்கப் போகும்போது போடுகிற மாத்திரைதான், மாற்றுவதற்கு முன்னால் கொடுத்ததும் இப்போது கொடுப்பதும். எண்பது அட்டைக்கு மேல் இருந்தது. ஒன்றும் பிரிக்காதது.

அவளுடைய காரணம் தேடும் புத்தி அந்த நேரம் பார்த்து ஒரே ஒரு காரணத்தைத்தான் காட்டியது. மனசு சரியில்லாத மனிதன் எதற்கு மாத்திரையைச் சேர்த்து வைப்பான்? வேன் படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு அட்டைகளை ஒன்றுவிடாமல் துணிப்பையில் போட்டு, மேலே நாலு ஜாக்கெட்டை வைத்து மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரிடம் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கேள்வியைக் கேட்கப் பயந்தாள்.

ஆனால் அவரைத் தனியாக விடவும் இல்லை. திங்கட்கிழமை நாலு மணிக்கு அவர் சட்டை மாட்டும்போது அவள் தலை சீவித் தயாராக நின்றாள்.

"நீ எங்கமே வர?"

"சிறுசேரி எப்டி கீதுன்னு பாக்கணும்."

"இன்னா பேஜாருமே இது" என்றவர், அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லாமல் வண்டியை எடுத்தார். அவள் பின்சீட்டில், காலடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அணுபுரத்தில் ஏறிய பிள்ளைகள் "அக்கா, புதுசா ஜாயின் பண்ணிட்டீங்களா?" என்று கேலி செய்தன. பார்வதம் சிரித்துவைத்தாள். கண் மட்டும் அவர் பிடரியைவிட்டு நகரவில்லை. கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் புருஷன் வேலை செய்வதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திருப்போரூரில் ஒரு பெண் ஆறு நிமிடம் தாமதமாக ஓடி வந்தாள். அவர் முகம் சுளிக்கவில்லை. வேகத்தடை வந்தால், தூங்குகிற பிள்ளைகள் முழிக்காதபடி மெதுவாக ஏற்றி இறக்கினார். வளைவுகளில் மட்டும் பின்மண்டையை ஒரு தரம் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

எல்லாரும் இறங்கிய பிறகு கேட்டாள். "மண்டைய ஏன் தேய்க்கற?"

"உள்ள சுரீர் சுரீர்னு இழுக்குது. திங்க, செவ்வா வந்தா இப்டித்தான். அப்பால சரியாப் பூடும்."

திங்கள், செவ்வாய் மட்டும் வருகிற வியாதியா? இதென்ன பள்ளிக்கூடம் மாதிரி கிழமை பார்த்து வருகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பயத்துக்கு நடுவிலும் அதைக் குறித்துக்கொண்டாள். பகல் முழுக்க அவரோடு வேனிலேயே இருந்தாள். நாஸ்தாவும் சாப்பாடும் ரோட்டோரத் தள்ளுவண்டியில். அவர் ஒரு சீட்டில் படுத்துக் கண்ணயர, அவள் எதிர்ச்சீட்டில் காவல் இருந்தாள்.

சாயங்காலம் கடைசி ஆளை இறக்கிவிட்டு நேராக மகாபலிபுரம் போனார்கள். சிலைக் கடைகளுக்கு நடுவே சின்ன கிளினிக். டாக்டர் ரோகிணிக்கு நாற்பது வயது இருக்கும். பழைய டாக்டரின் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பார்வதம் ஜாக்கெட்டுகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பையை மேஜைமேல் கவிழ்த்தாள். அட்டைகள் மேஜை நிறைந்து கீழேயும் விழுந்தன.

"இவரு வண்டில இருந்துச்சு மேடம். நான் கேக்கல. நீங்க கேளுங்க."

எல்லப்பன் முகம் செத்துவிட்டது. டாக்டர் பதறவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. "சாகணும்னு சேர்த்து வச்சீங்களா?" என்று நேராகவே கேட்டார்.

"ஐயோ, இல்ல மேடம்." கீழே விழுந்த ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஒரே ஒரு தபா தோணுச்சு. போன வருசம். அந்தப் பொட்டியையே பாத்துகினு ஒக்காந்திருந்தேன். அப்பால மூடிட்டேன். அதுக்கோசரம் சேக்கல மேடம், சத்தியமா."

"பின்னே எதுக்கு?"

"குப்பைல போட்டா இவ பாத்துடுவா. ரோட்ல போட்டா கொழந்தைங்கோ எடுத்து வாயில போட்டுக்கும். அத்தான் எங்க போடறதுன்னு தெரியாம..."

"ஏன் சாப்பிடல?"

"அதப் போட்டுகினு வண்டி ஓட்ட முடியாது மேடம். புது மாத்திர குடுத்த மொத வாரம் பூஞ்சேரி வளைவுல கண்ணு சொருகிடுச்சி. வண்டி ரோட்டு நடுக்கட்டைல ஒரசி நின்னுச்சி. உள்ள பதினோரு பேரு. அன்னிக்கோட டூட்டி நாள்ல போடறத வுட்டுட்டேன்."

டாக்டர் கடிதத்தை மறுபடி எடுத்தார். "நீங்க விவசாயின்னு எழுதியிருக்காரே?"

பார்வதத்துக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "வெவசாயமா? ஒன்ற காணி நெலம், குத்தகைக்கு வுட்டு பதினஞ்சு வருசம் ஆவுது மேடம். அன்னிலர்ந்து இவரு வேன்தான்."

"அப்போ அவர் ஏன் இப்படி எழுதினாரு?"

எல்லப்பன் யோசித்தார். "மொத நாள் சீட்டு போடறப்போ தொழில் இன்னான்னு கேட்டாங்கோ. வெவசாயம்னு சொன்னேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், சிலிண்டர் போடுகிறவர், கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறவர், எல்லாரும் விவசாயம்தான். தொழில் என்ன என்று கேட்டால், நீ எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று கேட்பதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிழைப்புக்கு என்ன செய்கிறாய் என்று தனியாகக் கேட்டால்தான் மற்றது வரும். ஒன்பது வருடம் ஒரு நல்ல டாக்டர், நாலு மணிக்குப் பதினோரு உயிரை ஏற்றிக்கொண்டு போகிற மனிதருக்கு, வயலுக்குப் போகிறவர் என்று நினைத்துத் தூக்க மாத்திரை மாதிரியான மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். எல்லப்பனும், டிரைவர் என்று தெரிந்தால் வண்டி ஓட்டாதே என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டார். "எந்தெந்த நாள் போடுவீங்க?"

"வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி. ஞாயித்துக்கெழம போட மாட்டேன், மறுநாள் வண்டி."

இரண்டு கட்டத்தில் புள்ளி வைத்தார். பார்வதம் எட்டிப் பார்த்தாள். "திங்க, செவ்வால மண்டைக்குள்ள சுரீர்னு இழுக்குதாம் மேடம்."

"இழுக்கும். இவ்வளவு வீரியமான மருந்தை ரெண்டு நாள் போட்டுட்டு சட்டுனு நிறுத்தினா இழுக்கும்." அதையும் குறித்தார். "நடுவுல எப்பவாவது நல்லா இருந்திருக்காரா?"

"கொரோனாவுல!" என்றாள் பார்வதம். "ஊரே பயந்துகினு கெடந்துச்சு, இவரு மட்டும் கீர்த்தனாவோட தாயம் ஆடிகினு இருந்தாரு. ஓய்வுல தேறிட்டாருன்னு நெனச்சோம்."

"அப்போ மாத்திரை?"

"டெய்லி போட்டேன் மேடம்" என்றார் எல்லப்பன். "வண்டிதான் இல்லியே. வளைவுல கண்ணு சொருகினது அதுக்கு அப்பால."

டாக்டர் பேனாவை வைத்தார். "மருந்து கேக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. மூன்றரை வருஷமா உங்க உடம்புக்குள்ள மருந்தே சரியாப் போகல. உங்க நோய் நிஜம், அது இன்னும் இருக்கு, லேசா எடுத்துக்கக் கூடாது. கரண்ட் வைத்தியம் நல்ல வைத்தியம்தான், ஆனா இன்னிக்கு அந்தக் கேள்விக்கே நாம வரல." தூக்கம் குறைவாக வருகிற ஒரு மாத்திரையைக் காலையில் போடுவது, முதல் மூன்று வாரம் வண்டியைத் தொடாமல் இருப்பது, அதற்கு லீவு கடிதம், வாரம் ஒரு தரம் இங்கே வருவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். செங்கல்பட்டு டாக்டரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். மேஜையில் கிடந்த அட்டைகளைத் திரும்பத் தரவில்லை. "அந்த நினைப்பு மறுபடி வந்தா அந்த நிமிஷமே இவங்ககிட்ட சொல்லணும், எனக்கு போன் பண்ணணும்" என்றபோது எல்லப்பன் சின்னப் பிள்ளை போலத் தலையாட்டினார்.

பார்வதம் அந்த ஏழு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ சனி, ஞாயிறு இவரு பொணமாட்டம் கெடந்தது?"

"அதுல பெரும்பகுதி மாத்திரை மயக்கம்மா. அஞ்சு நாள் பழக்கமில்லாத உடம்புல அவ்வளவு மருந்து ஒரேயடியா இறங்கினா எழுந்திருக்க முடியாது."

பார்வதம் டாக்டரை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "மூணரை வருசமா நான்தான்னு நெனச்சிகினு கெடந்தேன்யா. வெளிய போனா எழுந்து நடக்கற, என்னியப் பாத்தா சுருண்டு படுத்துக்கற. உனக்கு என்னியப் புடிக்காமப் போச்சுன்னு..."

அவளுக்கு இப்படி ஒரு நினைப்பு இருக்கும் என்று எல்லப்பன் கனவிலும் எண்ணியதில்லை.

"இன்னாமே நீ" என்றார். "வாரம் பூரா பதினோரு உசுரு என் கைல கீது, கண்ண மூட பயம். வெள்ளிக்கெழம வூட்டுக்கு வந்தா நீ கீற. இன்னா ஆனாலும் நீ பாத்துக்குவன்னுதான் தைரியமா மாத்திரையப் போட்டுகினு படுப்பேன். நீ இல்லாத வூட்ல நான் அதத் தொட்டிருக்கவே மாட்டேன்."

பார்வதத்துக்குக் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. டாக்டர் எதிரில் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.